பிணை நிற்கும் வங்கியும் காணி இழக்கும் குடும்பமும்

பெரிய அணைக்கட்டு, துறைமுகம், நெடுஞ்சாலை என்று திட்டங்கள் வரும்போது, "அபிவிருத்தி வங்கி காசு கொடுக்கிறது" என்று கேள்விப்படுகிறோம். அந்த வங்கி உண்மையில் செய்வது என்ன? காணி இழக்கும் குடும்பத்துக்கு அதனால் ஏதும் பாதுகாப்பு உண்டா? லாவோஸ் நாட்டின் நாம் தேன் 2 அணைக்கட்டை வைத்து இதைப் படிப்போம்.

கூட்டாளிகள் யார்?

இது 1,070 மெகாவாற் நீர்மின் திட்டம். மின்சாரத்தின் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்கப்படுகிறது. பிரான்ஸ், தாய்லாந்துக் கம்பனிகளுடன் லாவோஸ் அரசும் 25 வீதப் பங்குதாரர். 2010இல் தொடங்கி 25 ஆண்டுகள் இந்தக் கூட்டுக் கம்பனி நடத்தும்; பின்னர் அரசிடம் ஒப்படைக்கும்.

வங்கி செய்தது என்ன?

செலவு நூறு கோடி டொலருக்கும் மேல். 2005இல் உலக வங்கி 2 கோடி டொலர் நன்கொடைக்கும் 5 கோடி டொலர் உத்தரவாதத்துக்கும் ஒப்புக்கொண்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் கடனும் உத்தரவாதமும் கொடுத்தது. உத்தரவாதம் என்பது நாம் கடன் எடுக்கும்போது அயலவர் பிணை நிற்பதைப் போன்றது. அரசு வாக்குத் தவறிக் கடன் நின்றுபோனால், வங்கி ஈடு செய்யும். அந்தத் துணிவில்தான் தனியார் வங்கிகள் பணம் போட்டன. பிணை நிற்பவர் நிபந்தனையும் விதிக்கலாம். வங்கியின் பலம் அங்கேதான் இருக்கிறது.

நக்காய் மக்களுக்கு நடந்தது

நக்காய் மேட்டுநிலத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். நல்ல வீடு, தண்ணீர், பாடசாலை, வீதி கிடைத்தன. ஆனால் புதிய காணியின் மண் வளமற்றது. எருமைகள் மேய்ந்த நிலம் நீரில் மூழ்கியது. பலருக்கு நீர்த்தேக்க மீன்பிடியே கைகொடுத்தது. நிபந்தனைப்படி அமைந்த சுயாதீன நிபுணர் குழு, அவர்களது வாழ்வாதாரம் இன்னும் நிலைபெறவில்லை என்று 2015இல் கூறியது. அதனால் அந்த ஆண்டு முடியவிருந்த மீள்குடியேற்றப் பொறுப்பு 2017 முடிவுவரை நீடிக்கப்பட்டது.

நாம் கற்பது

வீட்டைச் சில மாதங்களில் கட்டலாம். மண்ணை அப்படி உருவாக்க முடியாது. எழுதிவைத்த நிபந்தனை இருந்தபடியால் இரண்டு ஆண்டுகளாவது கூடக் கிடைத்தன. ஆனால் இழந்த மேய்ச்சல்நிலம் திரும்பவில்லை. ஆகவே வங்கி கையெழுத்திடுமுன்பே நாம் பேசவேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. புதிய காணியின் மண்ணையும் நீரையும் யார் பரிசோதித்தார்கள்?
2. எமக்குத் தந்த வாக்குறுதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? எமது மொழியில் வாசித்தோமா?
3. பொறுப்பு முடிந்ததென்று தீர்மானிப்பவர் யார்?