புது ஏ.டி.வி. வாங்கியாச்சா? கைகொடுக்கும் 25 குறிப்புகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடுகளில், கேரேஜில் காருக்குப் பக்கத்திலேயே கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டியான ஏ.டி.வி. ஒன்று நிற்பது சாதாரணம். வேலியைச் சுற்றிப் பார்க்க, விறகு இழுக்க, வாசல் பனியைத் தள்ள, விடுமுறையில் காட்டுத் தடங்களில் ஓட்ட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கூட்டத்தில் 1000 சி.சி. வண்டிகள் தனி ரகம். கேன்-ஆம் அவுட்லேண்டர் 1000ஆர் வண்டியின் முந்தைய மாடல்களில் 976 சி.சி. ரோட்டாக்ஸ் இன்ஜின், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் எக்ஸ்.பி. 1000 வண்டியில் 952 சி.சி. இன்ஜின். சுமார் 90 குதிரைத்திறன், அதற்கு மேலும் உண்டு. ஒரு சின்ன காரை இழுக்கும் சக்தி, அந்தக் காரில் பாதி எடைகூட இல்லாத வண்டியில் இருக்கிறது. அதனால் கைக்காசை முதலில் வண்டியையும் உங்களையும் காப்பாற்றும் சாமான்களில் போடுங்கள். சக்தியைக் கூட்டும் சாமான்கள் கடைசியில் வந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும்

1. வண்டியின் சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வாங்கியவர் பெயரும் முகவரியும் கம்பெனியில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் கசிவு, ஸ்டீயரிங் கோளாறு போன்ற காரணங்களுக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும்போது, அந்த முகவரிக்குத்தான் கடிதம் வரும்.

2. வெளிச் சாமான் மாட்டினாலே வாரன்ட்டி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்ட்டி சட்டம் வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. வேறு கம்பெனியின் சாமானை மாட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ரத்து செய்ய முடியாது. ஆனால், பழுது வந்ததே அந்தச் சாமானால்தான் என்றால் செலவு உங்களுடையது. சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் மாட்டியவருக்குக் கவலை குறைவு. இன்ஜின் கம்ப்யூட்டரில் கைவைத்தவருக்கு அதிகம்.

3. பதிவு, தட அனுமதி, இன்ஷூரன்ஸ் மூன்றும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேற்கு வர்ஜினியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களில் ஓட்ட அனுமதிச் சீட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். வீட்டு இன்ஷூரன்ஸே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நிலத்தைத் தாண்டினால் அது செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

4. பெரிய வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களுக்கான ஏ.டி.வி.யை ஓட்டக்கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. ஒருவருக்கென்றே செய்த வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவதும் ஆபத்து. சீட் நீளமாக இருப்பது இரண்டு பேர் உட்கார அல்ல. ஓட்டுபவர் மேட்டில் முன்னால் சாயவும், இறக்கத்தில் பின்னால் நகரவும்தான். குடும்பத்தோடு போவதென்றால், இருவருக்கென்றே செய்த நீள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

5. பைக் ஓட்டத் தெரிந்தவர்களும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வருவது நல்லது. பைக் திரும்பும் பக்கம் தானே சாயும்; ஏ.டி.வி. சாயாது. உடம்பைத்தான் வளைவின் உள்பக்கம் கொண்டுபோக வேண்டும். தார் ரோட்டில் டயர் அதிகமாகப் பிடிப்பதால் திருப்பத்தில் கவிழ வாய்ப்பு கூடும். அந்த டயர்கள் மண்ணுக்காகச் செய்தவை.

முதல் ஓட்டங்கள்

6. ரன்னிங்-இன் காலத்தில் பொறுமை வேண்டும். பல வண்டிகளுக்கு முதல் 10 மணி நேரம் என்று கையேட்டில் இருக்கும். அதுவரை த்ராட்டிலைப் பாதிக்கு மேல் நெடுநேரம் அழுத்தாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பாரம் இழுக்கும் வேலை அப்புறம்.

7. இந்த வண்டிகளில் இன்ஜின் சக்தி காரைப் போல நேராக கியர்பாக்ஸுக்குப் போவதில்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட்தான் கடத்துகிறது. புது பெல்ட்டுக்கும் பதப்பட நேரம் கொடுங்கள். பெல்ட் கருகுவது பெரும்பாலும் வேகமாக ஓட்டுவதால் அல்ல. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் ‘ஹை’ கியரில் போவதால். சேறு, பாறை, செங்குத்து ஏற்றம், டிரெய்லர் இழுப்பது, பனி தள்ளுவது எல்லாவற்றுக்கும் ‘லோ’ கியர் போடுங்கள். கருகிய ரப்பர் வாடை வந்தால் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, ‘லோ’வுக்கு மாறிப் புறப்படுங்கள்.

8. முதல் சவாரி முடிந்ததும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். ரிம் மாற்றினாலும் இதே கதைதான். முதல் குலுக்கலில் எல்லாம் கொஞ்சம் இடம்பிடித்து உட்காரும். நட்டு தளர்வது அப்போதுதான்.

9. டயர் காற்று பார்க்கத் தனி கேஜ் வாங்குங்கள். கார் டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். ஏ.டி.வி. டயரில் பல வண்டிகளுக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ.தான். கார் கேஜில் இந்த அளவு சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் 5, மறுபக்கம் 7 என்று இருந்தாலே ஹேண்டில் ஒருபக்கமாக இழுக்கும்.

மாற்றங்கள்: எதை முதலில், எதைக் கடைசியில்

10. கேட்லாக்கைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். சில மாதங்கள் வண்டியை வந்தபடியே ஓட்டுங்கள். எங்கே மாட்டியது, எங்கே அடி தட்டியது, எங்கே கை விறைத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளில் இருப்பதை மட்டும் வாங்கினால் பாதிச் செலவு மிச்சம்.

11. முதல் செலவு அடித்தகடு. வண்டியோடு வருவது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக். பாறைப் பகுதியில் ஓட்டுபவர்கள் கனமான பாலிஎதிலீன் தகடு போடுவார்கள். கல்லில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமும் குறைவு. அலுமினியம் விறைப்பானது, ஆனால் அடிபட்டால் நெளியும், கல்லில் உரசி மாட்டிக்கொள்ளும். சஸ்பென்ஷன் கைகளுக்கும் ஆக்சில் மூட்டுகளுக்கும் காப்பு சேர்த்தே வாங்குங்கள். குச்சி குத்தி ஆக்சில் ரப்பர் கிழிந்தால் கிரீஸ் போகும், மண் புகும், மூட்டே போய்விடும்.

12. இரண்டாவது செலவு வின்ச். பெரிய வண்டிக்கு 3,500 பவுண்டு இழுதிறன் பொருத்தம்; சேற்றிலேயே திரிபவர்கள் 4,500 எடுப்பார்கள். அட்டையில் போட்டிருக்கும் எண், டிரம்மில் ஒரே ஓர் அடுக்கு கயிறு இருக்கும்போது கிடைக்கும் இழுப்பு. அடுக்கு கூடக் கூட இழுப்பு குறையும். ஆகவே, கயிறு கட்டும் மரம் பக்கத்திலேயே இருந்தாலும், கயிற்றை நிறைய வெளியே விட்டு ஒரு கப்பி வழியாக மடித்துக் கட்டுங்கள். வேகம் பாதியாகும், இழுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

13. இரும்புக் கம்பியா, செயற்கை இழைக் கயிறா? செயற்கைக் கயிறு எடை குறைவு, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் கம்பி அளவுக்குச் சீறிப் பாயாது. ஆனால், கூரான கல்லில் உரசினால் தேயும். கம்பியிலிருந்து கயிற்றுக்கு மாறுபவர்கள் முன்னால் இருக்கும் உருளை வழிகாட்டியைக் கழற்றிவிட்டு, வழவழப்பான அலுமினிய வழிகாட்டி போட வேண்டும். பழைய உருளையில் கம்பி போட்ட கீறல்கள் புதுக் கயிற்றை அறுத்துவிடும்.

14. வின்ச் இழுக்கும்போது இன்ஜின் ஓடட்டும். இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும். கயிற்றை மரத்தில் நேரடியாகச் சுற்றாமல் அகலப் பட்டை போட்டுக் கட்டுங்கள். மரப்பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். டிரம்மில் கடைசிச் சில சுற்றுகளை எப்போதும் விட்டுவையுங்கள். கம்பி என்றால் நடுவில் கனமான ஒரு ஜாக்கெட்டையாவது போர்த்துங்கள். கம்பி அறுந்தால் பாய்வது அடங்கும். இழுக்கும் கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

15. டயர் மாற்றும்முன் பழைய டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 27x9-14 என்றால் உயரம் 27 அங்குலம், அகலம் 9, ரிம் 14. ஓர் அங்குலம் ஏற்றுவது பெரிய விஷயமில்லை. 30 அங்குலத்துக்குத் தாவினால் கணக்கே மாறும். புறப்பாடு மந்தமாகும், பெல்ட் சூடாகும், ஆக்சில் மூட்டுகளுக்குச் சுமை கூடும், வேகமானி குறைத்துக் காட்டும். நான்கு சக்கர இழுப்பில் ஓடும் வண்டிக்கு முன், பின் டயர்களின் உயரம் கம்பெனி வைத்த விகிதத்திலேயே இருக்க வேண்டும்.

16. பெரிய டயர் போட்டே தீருவேன் என்றால் கிளட்ச் கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். அதில் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்கும் புல்லி விரியும் நேரத்தை மாற்றி, புறப்பாட்டில் இழுப்பைத் திருப்பிக் கொடுக்கும். இன்ஜினைத் தொடாமலேயே வண்டி சுறுசுறுப்பாகும் வழியும் இதுதான்.

17. விளக்கு, சூடான கைப்பிடி, போன் சார்ஜர் என்று மாட்டும்முன் வாட் கணக்குப் போடுங்கள். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்ப் இழுக்கும். அதற்கு 15 ஆம்ப் பியூஸ், தனி ரிலே, தக்க தடிமன் வயர். எல்லாவற்றையும் கூட்டி, வண்டியின் மின் உற்பத்தி அளவோடு ஒப்பிடுங்கள். மெதுவாக ஓடும்போது அந்த உற்பத்தியும் குறைவு என்பதை மறக்காதீர்கள்.

18. குளிர்ப் பிரதேசத்தில் சூடான கைப்பிடியைவிடக் கட்டைவிரல் சூடேற்றி முக்கியம். த்ராட்டிலை அழுத்துவது அந்த விரல்தான். முதலில் மரத்துப்போவதும் அதுதான். கைக்காப்பு போட்டால் குளிர்காற்றும் தடைபடும், கிளையும் அடிக்காது.

19. பனித் தகடு மாட்டினால், பனி தள்ளாமல் ஓட்டிப் போகும்போது அதை ரொம்ப உயரத் தூக்கி வைக்காதீர்கள். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைத்துவிடும். உறைபனியிலும் இன்ஜின் சூடேறும். தகட்டைத் தூக்க வின்ச் கயிற்றையே பயன்படுத்தினால் ஒரே இடம் மடிந்து மடிந்து தேயும். அதற்கென்று ஒரு குட்டைப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

20. சத்தமான சைலன்சர் கடைசிச் செலவாக இருக்கட்டும். பல மாநிலங்களில் ஒலி வரம்பு 96 டெசிபல். தேசிய வனப் பகுதிகளில் தீப்பொறி தடுப்பான் இல்லாத சைலன்சரோடு ஓட்டக்கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். சைலன்சரை மாற்றினால் எரிபொருள் அளவையும் திருத்த வேண்டிவரலாம். அங்கேதான் வாரன்ட்டிச் சண்டை தொடங்கும்.

பராமரிப்பு

21. சேற்றில் ஓட்டினால் அன்றைக்கே கழுவுங்கள். ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக நீர் விட்டுக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து பிரஷர் வாஷ் அடித்தால் மண் உள்ளே இறுகிவிடும், தகடுகளும் மடியும். பேரிங், மின் இணைப்பு, ஏர் ஃபில்டர் பெட்டி பக்கம் பிரஷர் காட்டவே கூடாது. கழுவிய பிறகு கிரீஸ் அடித்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேறும்.

22. நீரில் ஆழமாக இறங்கினால் அன்று மாலையே முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் குச்சியும் அதே நிறம் காட்டினால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

23. நீரைத் தாண்டியதும் த்ராட்டில் அழுத்தினால் சத்தம் மட்டும் வந்து வண்டி நகரவில்லையா? பெல்ட் நனைந்திருக்கிறது. பெல்ட் மூடியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து நீரை விடுங்கள். நியூட்ரலில் வைத்து, விட்டுவிட்டு த்ராட்டில் கொடுத்தால் காற்றில் உலரும்.

24. வண்டி 400 கிலோ அளவில் எடை கொண்டது. டிரக்கில் ஏற்றும்போது சாய்வுப் பலகையை டிரக்கோடு பட்டை போட்டுக் கட்டியே தீர வேண்டும். கட்டாத பலகை, முன் சக்கரம் மேலே ஏறி பின் சக்கரம் தள்ளும் நொடியில் பின்னால் நழுவும். வண்டி ஆள்மேல் மல்லாக்க விழும். சந்தேகம் இருந்தால் தாழ்வான டிரெய்லர் நல்லது.

25. மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்க்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் மருந்தைக் கலந்து, சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்போது கேரேஜ் கதவு திறந்திருக்கட்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜர் போடுங்கள். எலி கூடு கட்டாதபடி காற்றுக் குழாயைத் துணியால் அடைத்தால், ‘துணி உள்ளே இருக்கிறது’ என்று எழுதி ஹேண்டிலில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வது வீட்டில் வேறு யாராகவும் இருக்கலாம்.