தலசீமியா: ஆர்.என்.ஏ.யில் நேரும் பிழை

தலசீமியா ஒரு பரம்பரை நோய் எனக் கற்றிருப்பீர்கள். "பரம்பரையலகில் ஏற்பட்ட விகாரம்" என எழுதினால் புள்ளி கிடைக்கும். அவ்விகாரம் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மனனம் செய்யவே தேவையில்லை.

ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உள்ளன. அதற்கான பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. அதிலே எக்சோன் எனப்படும் மூன்று பகுதிகளுக்கிடையே இன்ரோன் எனப்படும் இரண்டு இடைத்துண்டுகள் உள்ளன. கருவில் முதலில் உண்டாகும் ஆர்.என்.ஏ.யில் இவை யாவும் இருக்கும். இன்ரோன்கள் வெட்டியகற்றப்பட்டு எக்சோன்கள் இணைக்கப்பட்ட பின்னரே தூது ஆர்.என்.ஏ. குழியவுருவுக்குச் செல்லும். மரபுச் செய்தி இவ்வாறு துண்டுபட்டிருப்பது 1977இல் கண்டறியப்பட்டது.

இதனைச் சூடடித்த நெல்லைத் தூற்றிச் சப்பி நீக்குவதற்கு ஒப்பிடலாமா? கரடியனாற்றுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ஆனால் முற்றாகப் பொருந்தாது. நெல்லிலே சிறிது சப்பி தங்கினால் பெரிய நட்டமில்லை. இங்கோ ஒரு மூலம் கூடினாலும் குறைந்தாலும், மூன்று மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு அவ்விடத்திலிருந்து முழுவதும் குழம்பிவிடும்.

இன்ரோனின் தொடக்கத்தை இனங்காண்பது யு1 என்னும் துணிக்கை. அதிலுள்ள சிறிய ஆர்.என்.ஏ. அவ்விடத்து மூலங்களுடன் சோடி சேரும். யு1-சி என்னும் புரதம் அச்சோடியை உறுதிப்படுத்தும். இப்புரதத்துக்கான பரம்பரையலகு 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது.

இலங்கையில் பீற்றா தலசீமியாவுக்கு மிகப் பொதுவான விகாரம், முதலாம் இன்ரோனின் 130 மூலங்களில் 5ஆவதான குவானின் சைற்றோசினாக மாறுவதாகும். இன்ரோன் எந்த அமினோவமிலத்தையும் குறிப்பதில்லையே, பின் ஏன் நோய்? யு1 அங்கே சரியாகப் பொருந்தாமல் அருகிலுள்ள பிழையான இடங்களில் வெட்டு விழுகிறது. சரியான தூது ஆர்.என்.ஏ. சிறிதளவே கிடைக்கிறது. யு1இலோ அதன் புரதங்களிலோ குறையில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரு பிரதிகளிலும் இவ்விகாரமுடைய பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டிவரும். அதனால் உடலில் சேரும் மேலதிக இரும்பை அகற்றவும் மருந்து தேவை. ஒரு பிரதியில் மட்டும் உடையவர் காவி. பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அவரது இலேசான குருதிச்சோகையை இரும்புக் குறைபாடு எனத் தவறாகக் கருதுவதுண்டு. திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை செய்யுமாறு வைத்தியர்கள் கூறுவது இதனாலேயே.

பயிற்சி: பெற்றோர் இருவரும் காவிகள். முதற்பிள்ளைக்கு நோய் உண்டு. இரண்டாம் பிள்ளைக்கு நோய் ஏற்படும் நிகழ்தகவு யாது?

விடை: 1/4. "நால்வரில் ஒருவர் வந்துவிட்டார், ஆகவே 0" எனப் பலர் எழுதுகின்றனர். ஒவ்வொரு கருக்கட்டலும் புதிதாக நிகழ்வது; முதற்பிள்ளையின் நிலை அடுத்ததைப் பாதிக்காது.