கடலைக் கண்டால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?



2012ஆம் ஆண்டு சித்திரை 11ஆம் திகதி பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் என்ற செய்தி வந்தது. நமது கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளூருக்குள் ஓடினார்கள். அன்று அலை வரவில்லை. ஆனால் 2004 மார்கழி 26ஆம் திகதி காலை கல்லடியிலும் நாவலடியிலும் கடலைக் கண்டவர்களின் உடம்பு, அலை வந்தது போலவே நடந்துகொண்டது. நா வறண்டது, முழங்கால் நடுங்கியது. இன்றும் இரவில் கடல் இரைந்தால் எழுந்து உட்காருகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. “இத்தனை வருடமாகியும் பயமா? விசுவாசம் எங்கே?” என்று அவர்களைக் கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்பது சரியா என்பதை உடற்கூற்றைக் கொண்டே பார்ப்போம்.

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது; அதில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அதன் உட்பகுதியில், இரு பக்கமும், பாதாம் பருப்பின் வடிவில் ஒவ்வொரு சிறு பகுதி உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். ஆபத்தை மணந்தறியும் காவல்நாய் என்று அதைச் சொல்லலாம். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியை நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி ஆராய்ந்து, “இது வெறும் காற்று” என்று தீர்மானிப்பதற்குச் சற்று நேரம் வேண்டும். காவல்நாய் அதுவரை காத்திருப்பதில்லை, முதலிலேயே குரைத்துவிடும். நாம் யோசிக்குமுன் உடம்பு ஓட ஆயத்தமாவது இதனாலேயே.

அந்தக் குரைப்பு முண்ணாண் வழியாக, பரிவு நரம்புகளில் இறங்குகிறது. வேகமான நரம்புகளில் செய்தி ஒரு செக்கனுக்கு 100 மீற்றர் வரை ஓடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரினலின் என்னும் ஓமோனைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது; குருதி தோலையும் குடலையும் விட்டுத் தசைகளுக்குத் திரும்புகிறது. வாய் உலர்வதும், வயிற்றைப் பிசைவதும், முகம் வெளிறுவதும் இதன் விளைவுகளே. பின்னால், மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியின் ஏவலால் கோட்டிசோல் என்ற இன்னோர் ஓமோனும் சுரக்கிறது.

நரம்புச் செய்தி தொலைபேசி அழைப்பு என்றால், ஓமோன் வாவியில் போகும் தோணி. வருவதும் மெதுவாக, திரும்புவதும் மெதுவாக. ஆபத்து இல்லையென்று புத்திக்குத் தெரிந்த பின்னும் கை நடுங்கிக்கொண்டிருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அமிக்டலா ஒருமுறை கற்றதை எளிதில் மறப்பதுமில்லை. உப்புக்காற்றின் மணம் ஒன்றே போதும், அது விழித்துக்கொள்ள. “பயப்படாதே” என்ற ஒரு சொல்லால் இதை அடக்கிவிடலாம் என்று நினைப்பது தவறு. நாங்கள் குருக்களும் அதை மிக இலேசாகச் சொல்லிவிடுகிறோம். கெத்சமனியில் நம் ஆண்டவருக்கே வியர்வை பெருகியதை லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் உடம்புக்குப் புதிய பாடம் கற்பிக்கலாம். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்திலேயே “இங்கே ஆபத்தில்லை” என்ற இன்னொரு நினைவு வளர்கிறது. துணையோடு, பகலில், சிறிது தூரம் கரைக்குப் போய் வருவது அதற்கு உதவும். தள்ளிக்கொண்டு போவது உதவாது.

மூச்சும் நம் கையிலுள்ள கருவி. நீளமாக மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. செபமாலையின் மங்கள வார்த்தையை இலத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நிற்பதாக 2001இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் குழுவினரும் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் எழுதினார்கள். செபத்தை மருந்துச் சீட்டாக்க நான் இதைச் சொல்லவில்லை. அவசரமாகச் செபமாலை ஓட்டும் நம் வீடுகளுக்கு இது ஒரு செய்திதான்!

தூக்கம் மாதக்கணக்கில் கெட்டால், வேலைக்குப் போக முடியாமல் போனால், மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம். நீரிழிவுக்குக் கிளினிக் போகிறவரை எவரும் விசுவாசமற்றவர் என்பதில்லை. அம்மம்மா தனியே போகத் தயங்கினால், வீட்டில் ஒருவர் கூடப் போங்கள்.