ரஜபிலேயே தொடங்கிவிடு, மகள்

அன்பின் மகளுக்கு,

உன் வாப்பா நேற்றிரவு போன் எடுத்தான். காலையில் ஆஸ்பத்திரி, பின்னேரம் கிளினிக் என்று ஓடுகிறாயாம். பகல் சாப்பாடு நாலு மணிக்குத்தானாம். ஊரார் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் மருந்தெழுதும் டொக்டரம்மாவின் வயிற்றுக்கு யார் பொறுப்பு என்று மாமி கேட்டதாக உன்னிடம் சொல்லச் சொன்னேன். சொன்னானோ தெரியாது. சின்ன வயதிலும் நீ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை ஆறவிட்டவள்தான்.

இன்னொன்றும் சொன்னான். நோன்பு வருகிறது, கிளினிக் சார்பில் ஊருக்கு ஏதாவது செய்ய வேணும் என்று நீ யோசிக்கிறாயாம். கடற்கரைப் பக்கம் ஒருநாள் இலவச முகாம், கொஞ்சம் உலருணவுப் பொதி, வாசலில் உன் படம் போட்ட பேனர். கேட்டதும் மனம் குளிர்ந்தது. கொடுக்க வேணும் என்ற எண்ணம் இந்த வயதிலேயே வந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். பொதியைக் கொடு, வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோன்பு காலத்தில் கல்முனையில் பொதி கொடுக்கக் கடைக்காரர் இருக்கிறார்கள், பள்ளி நிர்வாகம் இருக்கிறது, கட்டாரிலும் சவூதியிலும் இருந்து காசு அனுப்பும் பொடியன்மார் இருக்கிறார்கள். சீனி வருத்தக்காரருக்கு எந்தக் குளிசையை ஸஹருக்கு, எதை இஃப்தாருக்கு என்று பிரித்துச் சொல்ல அவர்களில் ஒருவராலும் ஏலாது. அது உன் கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். இது ரஜப் மாதம். நோன்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு முன்பே சீனி வருத்தக்காரரைக் கூப்பிட்டு, யார் நோன்பு பிடிக்கலாம், யாருக்கு ஆபத்து என்று பார்க்க வேணும் என்று உங்கள் பெரிய வைத்தியர்களே வழிகாட்டல் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்முடைய சனமோ தலைப்பிறை கண்ட பிறகுதான் டொக்டரைத் தேடும். சில பேர் அதுவும் இல்லை. காலைக் குளிசையையும் இரவுக் குளிசையையும் தாங்களே இடம் மாற்றிக்கொள்வார்கள், அல்லது ஒரு மாதத்துக்கு மருந்தையே மூடி வைத்துவிடுவார்கள்.

2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட சீனி வருத்தக்காரரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் வகை நோயாளரில் 100க்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். சீனி கடுமையாக இறங்கி விழுந்தவர்களின் தொகை அவர்களிடையே மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு. வாசிக்கிற உனக்கு அது கணக்கு. அஸருக்குப் பிறகு வியர்த்துக் கொட்டி, கதை தடுமாறி, "இன்னும் ஒரு மணித்தியாலம்தானே, பொறுப்போம்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மூத்தம்மாமாரின் முகம் எனக்கு.

ஆகவே உன் கொப்பியைத் திற. சீனி, பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ள ஆக்களின் பெயரை ஒரு தாளில் எழுது. ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கூப்பிடு. 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் அந்த இடத்திலேயே நோன்பைத் திறக்க வேணும் என்பதை வாயால் சொல்லாதே, பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடு. கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டு. விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியும் என்று பயந்தே பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். முறியாது என்று நீ பத்துத் தரம் சொல்வதைவிட மௌலவி ஒருதரம் மிம்பரில் சொன்னால் போதும். ஒரு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பள்ளிக்குப் போய் இமாமுடன் மரியாதையாகக் கதை. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான், பிடிக்க முடியாதவருக்கு ஃபித்யா இருக்கிறது என்று குத்பாவில் சொல்லச் சொல். தயங்கி நிற்காதே, நல்ல மனிதர்கள், கேட்பார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகளை மறந்துவிடாதே. நான் மிட்வைஃபாக மருதமுனை ஒழுங்கைகளில் நடந்த காலத்தில், தறிச்சத்தம் கேட்கிற வீடுகளில், நோன்பு பிடித்திருப்பதை என்னிடம் மறைக்கிற பிள்ளைகளை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். கேட்டால், "மாமியார் என்ன நினைப்பா" என்பாள். அந்த இடத்தில் மருமகளுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. மாமியாரைத்தான் கதிரை போட்டு உட்காரவைத்து, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேணும். அந்தப் பழக்கத்தை நீயும் எடுத்துக்கொள். தனியே வருகிற நோயாளியின் பின்னால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எப்போதும் கேள்.

இரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 தொடக்கம் நம்முடைய நாட்டில் ஏற்றுகிற இரத்தமெல்லாம் கூலி வாங்காமல் விரும்பிக் கொடுக்கிறவர்களுடையதுதான். நினைக்கும்போதே பெருமையாக இருக்கிறது. வெசாக், பொசன் காலத்தில் நாடெங்கும் முகாம் நடக்கும். நோன்பு மாதத்தில் நம்முடைய கரையில் பகலில் யார் கொடுப்பார்? செங்குருதி ஐந்தாறு வாரம் தாங்கும் அல்லவா? அப்படியென்றால் ஷஃபான் கடைசியில் ஒரு முகாம் போட்டால் நோன்பின் பெரும்பகுதிக்குக் காணும். குருதிச் சிறுதட்டு ஐந்து நாள்தான் தாங்கும், அதற்குத் தராவீஹுக்குப் பிறகு இரவில் கூப்பிடலாம். இரத்த வங்கிக்காரருடன் கதைத்துத் திகதியைப் போடு. இளைஞர் கழகப் பொடியன்மார் ஓடி வருவார்கள்.

பெருநாள் வந்தால் ஊரே பூட்டு. பாமசியும் பூட்டு. வட்டிலப்பமும் தொதலும் புரியாணியும் இறங்கின பிறகு, இரண்டாம் நாள் மூன்றாம் நாள்தான் சனம் சீனி ஏறித் தலைசுற்றி அலையும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா அறுக்கிற இடத்தில் கை வெட்டுப்படாமல் போன வருஷம் ஒன்றுண்டா? ஏற்பூசி எப்போது போட்டதென்று ஒருவருக்கும் நினைவிராது. முதல் நாள் நீ புது உடுப்புப் போட்டு உம்மாவோடு இரு, அது உம்மாவின் உரிமை. இரண்டாம் நாள் காலையில் மட்டும் கிளினிக் கதவைத் திற. பெருநாளைக்குப் போதுமான மருந்து கையில் இருக்கிறதா என்று முந்தின வாரமே கேட்கப் பழகு. 2022இல் நாட்டில் மருந்தில்லாமல் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பெருநாளைக்கு வந்த பிள்ளைகள் அத்தருக்குப் பதிலாகக் குளிசை அட்டை கொண்டுவந்தார்கள்.

மார்கழி லீவையும் கொஞ்சம் நினைத்துப்பார். மழை விட்டதும் டெங்கு வரும். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை தேறிவிட்டது என்று தாய்மார் நிம்மதியாகிற அந்த நாளில்தான் ஆபத்து தொடங்கும் என்பதைப் பள்ளிக்கூடம் விடுகிறதற்கு முன்னரே சொல்லிவை. பிறகு சுனாமி வந்த அந்த 26ஆம் திகதி. 2004இல் அது ஞாயிறும் போயாவும் சேர்ந்த விடுமுறை. பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் நின்ற காலை. இந்த நாட்டில் எல்லா மாவட்டத்தையும்விட அதிகமான உயிர் போனது நம்முடைய அம்பாறையில்தான், பத்தாயிரத்துக்கும் மேலே. நீ அப்போது சின்னப் பிள்ளை. தன் வீட்டு மையித்தைத் தேடிக்கொண்டே வார்டில் நின்று வேலை செய்த மிஸிமாரை எனக்குத் தெரியும். தப்பிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது. அந்த வாரத்தில் தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு என்று அவர்கள் வந்தால் குளிசை எழுதி அனுப்பிவிடாதே. கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, கதைக்க விடு. வெளியே வரிசையில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அவர்களும் இந்தக் கரைக்காரர்கள்தானே.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்குக் கோவில்காரர் கேளாமலே ஒரு சொல் சொல்லி அனுப்பு. சீனியால் காலில் உணர்ச்சி போனவருக்குப் பாதம் வெந்தது தெரியாது. புண் பார்க்க எந்த நேரமும் வரலாம், காசு பேச்சில்லை என்று கோவில் ஆக்களிடம் நேரில் போய்ச் சொல். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருகிற கூட்டத்துக்குச் செய்வதை அவர்களுக்கும் செய். நம்முடைய இரு சமூகத்துக்கும் இடையில் கசப்பு வந்த காலங்களிலும் பிரசவ வீட்டுக் கதவு எனக்குப் பூட்டப்பட்டதில்லை. டொக்டருக்கும் அப்படித்தான் இருக்கும்.

காசு வாங்குவது பற்றியும் ஒன்று. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் என்றொரு டொக்டர் இருந்தார், 2018 டிசம்பரில் மவுத்தாகிவிட்டார். ஐந்து ரூபாய் டொக்டர் என்றே சனம் கூப்பிட்டது. பண்டிகைக்கென்று அவர் தனியாகக் குறைக்க என்ன இருந்தது? நீ அப்படியே செய் என்று சொல்லவில்லை, உனக்கும் கடன் இருக்கிறது, தங்கச்சிமார் இருக்கிறார்கள். கட்ட முடியாதவர் யாரென்று நம்பர் கொடுக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதும். கொடுக்கும்போது படம் எடுக்காதே. வாங்குகிற உம்மாவின் முகத்தைப் பக்கத்து வீட்டார் போனில் பார்க்க வேண்டியதில்லை.

நம்பர் கொடுக்கிற பிள்ளை என்றதும் நினைவு வந்தது. அவளுக்கும் கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கும் பெருநாள் காசை இருபதாம் நோன்புக்கு முன்பே கொடுத்துவிடு. கடைசி நேரத்தில் கொடுத்தால் உடுப்புக் கடையில் விலை ஏறியிருக்கும். நோன்பு நாளில் அவர்களை அஸரோடு வீட்டுக்கு அனுப்பு. நீயும் போ.

இன்ஷா அல்லாஹ் வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அங்கே வருகிறேன். பெயர்த் தாளை எழுதி வை. மருதமுனை, பெரியநீலாவணைப் பக்கத்து ஆக்களுக்கு நான் போன் எடுக்கிறேன், பாதிப் பேர் என் கையில் பிறந்தவர்கள், வரமாட்டேன் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். மற்றவர்களை நீ பார்த்துக்கொள். பகல் சோற்றையும் கட்டிக்கொண்டு வருவேன், ஒரு மணிக்கே சாப்பிடுகிறாய்.

உன் மாமி