பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

விடுமுறை நாளில் குடும்பத்துடன் பூஜாங் பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் தோட்டத்து மக்கள் சிலர், மாலையில் ஒரு குறையோடு திரும்புகின்றனர். "கடாரத்துக் கோயில் என்றார்கள், கோபுரமும் இல்லை, சாமியும் இல்லை, வெறுங்கல்தானே கிடக்கிறது" என்பதே அக்குறை. அவர்கள் கூறுவதில் பொய்யில்லை. அங்கே எஞ்சி நிற்பது பெரும்பாலும் அடித்தளமே. ஆனால், அடித்தளத்தையும் ஏடு போலப் படிக்க இயலும். எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக் ஆற்றை ஒட்டி அமைந்தது இப்பள்ளத்தாக்கு. பருவக் காற்றை நம்பி வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு, கடலிலிருந்தே தெரியும் அம்மலை நல்லதோர் அடையாளம். வணிகர் தங்கினர், தங்கிய இடத்தில் வழிபாடும் எழுந்தது. பௌத்தம், இந்து சமயம் ஆகிய இரண்டின் சின்னங்களும் இங்குக் கிடைத்துள்ளன. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் தம் துணைவியாருடன் இப்பகுதியில் அகழ்ந்து பல கட்டடங்களை வெளிக்கொணர்ந்தார்.

முதலில் காணவேண்டியது, மெர்போக் அரும்பொருளகத்தை அடுத்துள்ள சண்டி புக்கிட் பத்து பஹாட். மலாய் அறிந்த நமக்குப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: 'பத்து' கல், 'பஹாட்' உளி. இதன் மேடையைச் சற்றே நின்று நோக்குக. உயர்ந்த பகுதி கருவறை. அதற்கு முன்னுள்ளது மண்டபம். மண்டபத்தில் வரிசையாகக் காணப்படும் கற்கள் தூண்களைத் தாங்கியவை. அத்தூண்கள் மரத்தாலானவை, கூரையும் கல்லன்று. நம் நாட்டு மழையில் மரமும் கூரையும் மக்கிப்போயின. கைவிடப்பட்ட பழைய லயம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பலகையும் கூரையும் போனபின் எஞ்சுவது தரையும் கால் நட்ட இடமுந்தானே!

இக்கோயிலை 1959, 1960ஆம் ஆண்டுகளில் மீண்டும் அடுக்கி அமைத்தபோது, அடித்தளத்தில் சிறு குழிகளுடன் கூடிய கற்பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் மணிக்கற்களும் பொன் தகடும் இருந்தன. வீடு கட்டுகையில் நிலைவாசலின் கீழ் நவமணி இடும் வழக்கம் உடையோர்க்கு இது வியப்பளிக்காது.

1980இல் திறக்கப்பட்ட அரும்பொருளக வளாகத்தில் சண்டி பெண்டியாட், சண்டி பெண்டாங் டாலாம் ஆகியவற்றையும் காணலாம். அவை வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. நின்ற இடம் மாறியவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுதல் நன்று.

"இதெல்லாம் இராசேந்திர சோழன் கட்டியது" என்று பெருமையோடு கூறுவாரும் உளர். 1025ஆம் ஆண்டையொட்டி அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகின்றது. ஆனால், கட்டினான் என்பதற்குச் சான்றில்லை. அதற்கு முன்பே, இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான்; ஆனைமங்கலம் என்னும் ஊர் அதற்கு அளிக்கப்பட்டது. படையெடுப்பைக் காட்டிலும் இந்தக் கொடுக்கல் வாங்கலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இனி, நம் கையிலுள்ள செய்தி. இச்சின்னங்கள் பலவும் வயலிலும் தோட்டத்து நிலத்திலும் புதைந்து கிடந்தவை. 2013இல், பதினோராம் எண்ணிட்ட சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. இயந்திரத்தின் கண்ணுக்கு அதுவும் வெறுங்கல்லே. ஆதலின், கன்று நடக் குழி தோண்டுகையிலோ வாய்க்கால் வெட்டுகையிலோ அடுக்கடுக்கான பழஞ்செங்கல்லோ செதுக்கிய கல்லோ தென்பட்டால், அதனைப் பெயர்க்காமல் வேலையை நிறுத்துங்கள், மண்டோரிடம் கூறுங்கள், மாவட்ட அதிகாரிக்கும் உடனே தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இங்ஙனம் அறிவிப்பதைக் கண்டெடுத்தவரின் கடமை ஆக்கியுள்ளது. ஒரு செங்கல்லை மட்டும் வீட்டிற்கு எடுத்து வருவதில் பயனில்லை. எந்த இடத்தில், எந்த அடுக்கில் அது இருந்தது என்பதிலிருந்தே ஆய்வாளர் கோயிலின் அளவையும் அமைப்பையும் கணிக்கின்றனர்.