சக்கையாகிப்போன புல்ட் போர்க்

கேள்வி: வட கரோலினாவுக்குக் குடிவந்ததிலிருந்து என் பிள்ளைகளுக்குப் புல்ட் போர்க் என்றால் உயிர். அடிக்கடி கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று ஸ்லோ குக்கரில் நானே செய்து பார்த்தேன். கொழுப்பு வேண்டாமே என்று லாயின் துண்டாக வாங்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, எட்டு மணி நேரம் வைத்தேன். கறி சக்கையாகிவிட்டது, ருசியெல்லாம் தண்ணீரில். எங்கே தவறு, மேடம்?

பதில்: பாதித் தவறு கறிக்கடையிலேயே நடந்துவிட்டது. லாயின் பன்றியின் முதுகுச் சதை. அதிகம் உழைக்காத இடம் என்பதால் கொழுப்பும் குறைவு, சவ்வும் குறைவு. உட்சூடு 63 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கினால் சாறோடு இருக்கும். மணிக்கணக்கில் வைத்தால் சக்கைதான் மிஞ்சும்.

உங்களுக்கு வேண்டியது தோள்கறி. 'பாஸ்டன் பட்' என்று கேட்டு வாங்குங்கள். நாளெல்லாம் உடம்பைத் தாங்கிய சதை, சவ்வு நிறைய இருக்கும். அதிலுள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டிப்படுகிறதே, அதே பொருள்தான். நாருக்கு நார் அது பூசிக்கொள்வதால்தான் உதிர்த்த கறி வறளாமல் இருக்கிறது. உட்சூடு 90 முதல் 95 டிகிரிக்கு வந்தால்தான் கறி நன்றாக உதிரும்.

மீதித் தவறு தண்ணீர். மூடியில் படியும் ஆவி திரும்பக் குக்கருக்குள்ளேயே சொட்டும். கறியும் தன் பங்குக்குச் சாறு விடும். அரைக் கப் ஆப்பிள் சைடர் வினிகர் போதும்.

இரண்டு கிலோ தோள்கறிக்கு உப்பு மூன்று டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள், பாப்ரிகா, பூண்டுப் பொடி. எல்லாம் பூசி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வாணலியில் நாலு பக்கமும் சிவக்க வறுத்துக் குக்கரில் போட்டு, 'லோ'வில் எட்டு முதல் பத்து மணி நேரம். உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. சூடேற நேரமாகி, அதற்குள் கிருமி பெருகிவிடும். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

எட்டு மணி நேரம் ஆனதும் முள்கரண்டியைக் குத்தித் திருகுங்கள். முரண்டு பிடித்தால் கூடுதலாக வெந்துவிட்டது என்று பயந்து இறக்கிவிடாதீர்கள். தோள்கறியைப் பொறுத்தவரை அது இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். மேலும் ஒரு மணி நேரம் விடுங்கள். வெந்த கறியில் எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும்.

இறக்கி இருபது நிமிடம் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டியால் பிரித்தெடுங்கள். சாற்றில் மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, பாதியாகச் சுண்டவைத்துக் கறியில் பிசறுங்கள். கடையில் கிடைக்கும் விறகுப் புகை மணத்தை ஸ்லோ குக்கரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பிரித்த கறியைத் தட்டில் பரப்பி, அவனில் மேல்சூட்டில் ஐந்து நிமிடம் காட்டினால் ஓரமெல்லாம் முறுகலாகும்.

சாஸுக்கு உங்கள் மாநிலத்திலேயே இரண்டு கட்சி. கிழக்கே வினிகரும் மிளகாயும்தான்; லெக்சிங்டன் பக்கம் அதில் கொஞ்சம் கெச்சப்பும் சேர்ப்பார்கள். காரசாரமாகச் சாப்பிட்ட நாக்குக்குக் கிழக்குக் கட்சிதான் ஒத்துவரும். பன்னில் கறியை வைத்து, மேலே கோல்ஸ்லா போட்டுக் கொடுங்கள்.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். கொழுப்புக்குப் பயந்து இனியும் லாயின்தான் வாங்குவீர்கள் என்றால், ஸ்லோ குக்கரை மறந்துவிட்டு அவனில் சுட்டு, துண்டு போட்டுச் சாப்பிடுங்கள்.