இடி மின்னலும் இல்லக் கணிப்பொறியும்

வானம் முழங்கத் தொடங்கியதும் மாடியில் காயும் வற்றலையும் கொடியில் உலரும் துணியையும் எடுத்து வைக்க ஓடுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இன்று அவ்வாறு காக்கப்பட வேண்டிய பொருள்களின் வரிசையில் கணிப்பொறியும் சேர்ந்துவிட்டது. தவணை முறையில் பணம் கட்டி வாங்கிய கணிப்பொறியாயினும், தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பெற்ற விலையில்லா மடிக்கணினியாயினும், நம்மைப் போன்ற மாணவர் இல்லங்களில் அது ஒருமுறை கருகிவிட்டால் மற்றொன்று வாங்குவது எளிதன்று. அதனுள் இருக்கும் ஆய்வேட்டையும் செய்முறைக் கணக்குகளையும் விலை கொடுத்தும் வாங்க இயலாது.

கடையில் விற்கும் மின்னெழுச்சிக் காப்புப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். பெட்டி வேண்டியதே, ஆயினும் அக்காவலின் வேர் மண்ணில் இருக்கிறது. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், வகுப்பறையில் கற்ற ஓம் விதியும் மின்காந்தத் தூண்டலும் இவ்வுண்மையை எவ்வாறு விளக்குகின்றன என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

மின்னல் என்பது யாது?

கார்மேகத்தின் உள்ளே மேலெழும் காற்றோட்டத்தில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலால் மின்னூட்டங்கள் பிரிகின்றன. பெரும்பாலும் மேகத்தின் மேற்பகுதியில் நேர்மின்னூட்டமும் கீழ்ப்பகுதியில் எதிர்மின்னூட்டமும் திரள்கின்றன. திரட்சி மிகுந்ததும் எதிர்மின்னூட்டம் படிப்படியாகக் கீழ்நோக்கி வழிதேடி வருகின்றது. மரம், கோபுரம் முதலிய உயர்ந்த பொருள்களிலிருந்து நேர்மின்னூட்டம் அதனை எதிர்கொண்டு எழுகின்றது. இரண்டும் சந்தித்த கணமே பெரும் மின்னோட்டம் பாய்கின்றது. அதன் உச்ச அளவு ஏறத்தாழ 30,000 ஆம்பியர் ஆகும். நம் அறையில் சுழலும் மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுத்துக்கொள்வதில்லை என்பதை ஒப்பிட்டு நோக்கினால் இதன் வலிமை விளங்கும். மின்னல் பாயும் பாதையின் வெப்பநிலை 30,000 டிகிரி செல்சியசு வரை உயர்கின்றது. இது கதிரவனின் மேற்பரப்பு வெப்பநிலையைப்போல் ஐந்து மடங்கு. அவ்வெப்பத்தால் காற்று திடீரென விரிவதே இடியோசை.

வீட்டினுள் நுழையும் வழிகள்

மின்னல் நேராக நம் வீட்டின்மீது விழுவது அரிது. ஆனால் கணிப்பொறி பழுதாவதற்கு அது நேராக விழ வேண்டிய தேவை இல்லை. தெருவில் செல்லும் மின்கம்பியில் எங்கோ ஓரிடத்தில் விழுந்தாலும் அதன் அலை கம்பி வழியே ஓடி வரும். கம்பியைத் தொடாமல் அருகிலுள்ள பனைமரத்தில் விழுந்தாலும், மின்மாற்றியின் ஒரு சுருளில் மாறும் மின்னோட்டம் மறு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதுபோல, நீண்ட கம்பிகளில் மின்னழுத்தம் தூண்டப்படும். இவ்வாறு மைக்ரோ விநாடிகளில் எழுந்து அடங்கும் மின்னழுத்த உயர்வையே மின்னெழுச்சி என்கிறோம். பெரிய மோட்டார்கள் இயங்கி நிற்கும்போதும், மின்பாதைகள் இணைக்கப்பட்டுத் துண்டிக்கப்படும்போதும் சிறிய எழுச்சிகள் தோன்றுவதுண்டு.

இதனின்றும் வேறுபட்ட மற்றொரு தீங்கும் உண்டு. புயற்காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து தெருக்கம்பியின் நியூட்ரல் அறுந்துவிட்டால், வெவ்வேறு பேசில் உள்ள வீடுகள் தொடராக இணைந்தவைபோல் ஆகிவிடுகின்றன. குறைந்த பளு உள்ள வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வந்து சேரும். இது மைக்ரோ விநாடியில் முடிவதன்று. யாரேனும் மின்சாரத்தை நிறுத்தும்வரை நீடிக்கும். இவ்விரு தீங்குகளுக்கும் காப்பு வேறு வேறு என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ரிச்மனின் கம்பி

மேகத்தில் இருப்பது மின்சாரமே என்னும் பெஞ்சமின் பிராங்க்ளினின் கருத்து 1752-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டது. நிலத்தில் புதைத்த இடிதாங்கியைக் கட்டடங்களுக்குக் காப்பாக அமைக்கலாம் என்பதும் அவர் சொன்னதே. மறு ஆண்டு, அதாவது 1753-இல், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ரிச்மன் என்னும் அறிஞர் தம் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுவந்து மின்னூட்டத்தை அளக்கும் கருவியோடு இணைத்தார். அளவிடுவதே நோக்கமாதலால் அக்கம்பியை அவர் நிலத்தோடு இணைக்கவில்லை. இடிமழையின்போது கருவியைக் காண அருகில் சென்றார். கம்பியிலிருந்து அவர் தலையை நோக்கி மின்பொறி பாய்ந்தது. அவர் அவ்விடத்திலேயே உயிர் துறந்தார்.

இடிதாங்கியும் கம்பிதான், ரிச்மன் அமைத்ததும் கம்பிதான். முன்னதன் அடிமுனை மண்ணில் இருந்தது. பின்னதன் அடிமுனை அறையில் இருந்தது. இவ்வொரு வேறுபாடே காப்பையும் அழிவையும் பிரித்தது. நம் வீட்டினுள் வரும் மின்கம்பி, கேபிள் டி.வி. கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகிய ஒவ்வொன்றும் மண்ணோடு தக்க தொடர்பு இல்லாவிடில் ரிச்மனின் கம்பியே ஆகும்.

காப்புப் பெட்டியின் செயல்

காப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால் காசு வடிவில் ஒரு சிறு வில்லை தென்படும். இதன் பெயர் வாரிஸ்டர். துத்தநாக ஆக்சைடு மணிகளைச் சுட்டு இறுக்கி இதனைச் செய்கின்றனர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் எனினும் அதன் உச்சம் 325 வோல்ட் ஆகும். அவ்வளவில் வாரிஸ்டர் மின்கடத்தாப் பொருள்போல் வாளாவிருக்கும். நம் மின்சாரத்திற்கெனப் பெரிதும் பயன்படும் வகை, மின்னழுத்தம் ஏறத்தாழ 430 வோல்ட்டைத் தாண்டியதும் கடத்தத் தொடங்கி, எழுச்சியைத் தன் வழியே திருப்பிவிடும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும் உபரிநீர் கலிங்கு வழியே வெளியேறுவதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

கலிங்கு இருந்தால் போதுமா? வழிந்த நீர் ஓட வாய்க்கால் வேண்டுமன்றோ! நல்ல காப்புப் பெட்டியில் மூன்று வாரிஸ்டர்கள் இருக்கும்: பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்று, பேசுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. எர்த் இல்லாத வீட்டில் பின்னைய இரண்டும் பயனற்றுப் போகின்றன. மின்னலோ பெரும்பாலும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே உயர்த்துகின்றது. அவ்வேளை அவற்றிற்கு இடையே உள்ள வாரிஸ்டர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

மேலும், ஒவ்வோர் எழுச்சியைத் தாங்கும்போதும் வாரிஸ்டர் சிறிது தேய்கின்றது. பல ஆண்டுகள் உழைத்த பெட்டியில் மின்சாரம் வரும், காப்பு இராது. காப்பு நிலையைக் காட்டும் சிறு விளக்கு உள்ள பெட்டியை வாங்கி, அது அணைந்ததும் மாற்றிவிடுதல் நன்று.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று சிலர் கேட்பர். அதனுள் உள்ள ரிலே மாறுவதற்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி, அதாவது 10,000 மைக்ரோ விநாடி ஆகும். மின்னெழுச்சியோ சில பத்து மைக்ரோ விநாடிகளில் வந்து போய்விடும். திருடன் சென்றபின் கதவைச் சாத்துவது போன்றது இது. யு.பி.எஸ். கருவி மின்தடையின்போது கணிப்பொறியைத் தொடர்ந்து இயங்கச் செய்யும்; ஆனால் எழுச்சிக் காப்பு அதனுள் உண்டா, எவ்வளவு உண்டு என்பதைத் தனியே கேட்டு அறிய வேண்டும். நியூட்ரல் அறுந்து நெடுநேரம் நீடிக்கும் மிகைமின்னழுத்தத்திற்கோ வாரிஸ்டர் ஈடுகொடுக்காது, சூடேறிக் கருகும். அதற்கு மின்னழுத்தம் வரம்பு மீறியதும் இணைப்பைத் தானே துண்டிக்கும் கருவி தேவை.

மண்ணில் உள்ள காவல்

வழக்கில் 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பை இனிக் காண்போம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, நீர் ஊற்றிவருவது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள முறை. ஈரமுள்ள மண் மின்சாரத்தை நன்கு கடத்தும். காய்ந்த மண் கடத்தாது. கோடை இடி முழங்கும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் எர்த் குழி வறண்டு கிடக்கின்றது. தேவை மிகும் காலத்தில் காவல் மெலிந்துவிடுகின்றது. வாரம் ஒரு குடம் நீர் ஊற்றுவது எத்தனை எளிய செயல்!

இங்கு ஓம் விதியைப் பொருத்திப் பார்ப்போம். எழுச்சியில் 1,000 ஆம்பியர் நம் எர்த் வழியே இறங்குவதாகக் கொள்வோம். எர்த்தின் தடை 5 ஓம் எனின், அதன் மின்னழுத்தம் 1,000 × 5 = 5,000 வோல்ட் உயரும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே எர்த்தில் இருந்தால் அவை யாவும் ஒருசேர உயர்ந்து ஒருசேர இறங்கும். வெள்ளத்தில் ஒரே படகில் இருப்போர்க்கு இடையே ஏற்றத்தாழ்வு இல்லாததுபோல. ஆனால் மாடியிலுள்ள டிஷ் ஆன்டெனாவுக்கு வேறொரு மூலையில் தனி எர்த் அமைத்து, அதன் கம்பியைக் கணிப்பொறியோடு இணைத்திருந்தால், அந்த 5,000 வோல்ட்டும் கணிப்பொறியின் இருபுறமும் நின்று அதனைத் தாக்கும். வீட்டிற்குள் வரும் கம்பிகள் யாவும் ஒரே எர்த்தோடு இணைய வேண்டும் என்று வல்லுநர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

எர்த் கம்பியின் நீளமும் கருதத்தக்கது. நேரான கம்பிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி தன்தூண்டல் உண்டு. ஒரு மைக்ரோ விநாடியில் 1,000 ஆம்பியர் உயருமானால் ஒவ்வொரு மீட்டரிலும் 1,000 வோல்ட் தோன்றும். எனவே எர்த் கம்பியைச் சுருட்டி வைக்காமல், குறுகிய வழியில் நேராகக் கொண்டு செல்ல வேண்டும்.

இத்தனை கூறியும், மாணவர் தங்கும் அறைகள் பலவற்றில் நான் காண்பது வேறு. மூன்று முனை பிளக்கின் தடித்த முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளைப் பலகையில் செருகுகின்றனர். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று துளை இருந்தும் உள்ளே இரண்டே கம்பி ஓடுகின்றது. ஒடிபடுவது வெறும் பித்தளைத் துண்டு அன்று. மின்கசிவின்போது நம் உயிரையும், எழுச்சியின்போது நம் கணிப்பொறியையும் காக்கும் வழியே அங்கு அடைபடுகின்றது.

மறந்துபோகும் வாசல்

எங்கள் தெருவில் ஓர் இல்லத்தில் இடி வரும் என்று அஞ்சிக் கணிப்பொறியின் சுவிட்சை அணைத்துவிட்டு உறங்கினர். காலையில் இணைய ரூட்டர் இயங்கவில்லை. கணிப்பொறியில் இணையக் கம்பி செருகும் பகுதியும் பழுதாகியிருந்தது. வீட்டுச் சுவிட்சு பேஸ் கம்பியை மட்டுமே பிரிக்கும். நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். சுவிட்சின் இடைவெளியோ சில மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வந்ததற்கு இது ஒரு தடையா? இணையக் கம்பி வழியே வருவதையோ அந்தச் சுவிட்சு தடுக்கவே முடியாது.

கண்ணாடி இழை வழியே வரும் இணைய இணைப்பில் இவ்வச்சம் பெரிதும் குறைகின்றது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் அவ்விழை வந்து சேரும் பெட்டிக்கும் மின்சார அடாப்டர் உண்டு என்பதை மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கவை

1. மேகம் திரளும்போதே கணிப்பொறியின் பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றி விலக்கி வைக்க வேண்டும். மடிக்கணினியை அதன் பேட்டரியில் இயக்கலாம்.

2. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதன்பின் பிளக்கைத் தொடச் செல்லற்க. கருவி போனால் போகட்டும், உயிர் பெரிது. கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் பொறுத்திருப்பதே முறை.

3. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தின் தடையை ஆண்டுக்கு ஒருமுறை, கோடையிலேயே, அளந்து பார்க்கச் செய்தல் வேண்டும். இயன்றோர் மெயின் போர்டிலும் எழுச்சிக் காப்பு பொருத்தலாம்; மேசையருகே உள்ள சிறு பெட்டியின் பளு அதனால் குறையும்.

4. மின்தடை நீங்கியதும் உடனே கணிப்பொறியை இணைக்காமல் ஒரு விளக்கை ஏற்றிப் பார்க்க வேண்டும். குண்டு பல்பு வழக்கத்தினும் மிகுந்து ஒளிர்ந்தாலோ, மின்விசிறி மிகுந்த வேகத்தில் சுழன்றாலோ உடனே மெயின் சுவிட்சை அணைத்து மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

5. ஆய்வேடு முதலியவற்றின் படியொன்றை எக்கம்பியோடும் இணையாத நினைவகத்தில் எடுத்துத் தனியே வைத்தல் வேண்டும்.

இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பவை சிலவே. ஒரு குடம் நீரும், ஒடிக்காத ஒரு பிளக்கும், நேரத்தோடு எழுந்து கழற்றும் கையும் பெரும்பகுதி தீங்கைத் தடுத்துவிடும். இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்கள் இன்று மாலை வீடு திரும்பியதும் கணிப்பொறியின் பிளக்கில் மூன்றாம் முனை இருக்கின்றதா, அது சேரும் கம்பி உண்மையில் மண்ணைச் சென்றடைகின்றதா என்று பெரியோரிடம் கேட்டறிவார்களாயின், அதுவே இவ்வெழுத்தின் பயனாகும்.